நிறுவல் டிஸ்க் போட்டாலும் நீலத் திரை வருகிறதா? – வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் கெட்டுப்போனால் டிஸ்கைப் போட்டுப் புதிதாக நிறுவிக்கொள்ளலாம் என்பதுதான் எல்லோருக்கும் இருக்கும் கடைசி நம்பிக்கை. அந்த டிஸ்கே நீலத் திரையில் போய் நின்றால் அடுத்து என்ன செய்வது என்றே தெரியாது. இந்த இதழில் அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் ஒன்றாக எடுத்திருக்கிறேன். சர்வீஸ் மேஜையில் அடிக்கடி பார்க்கிற விஷயம் என்பதால் சில பதில்கள் நீளும்.

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருக்கிறது. சில நாட்களாக ஆன் செய்தால் நீலத் திரை வந்து, தானே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது. ரிப்பேர் செய்யலாம் என்று ஒரிஜினல் டிவிடியைப் போட்டேன். 'விண்டோஸ் இஸ் லோடிங் ஃபைல்ஸ்' என்று கோடு முழுதாக ஓடுகிறது, லோகோ வருகிறது, பிறகு அதே நீலத் திரை. ஸ்டாப் எண் 00000024, பக்கத்தில் என்டிஎஃப்எஸ்.சிஸ் என்று இருக்கிறது. டிவிடியிலிருந்து பூட் செய்யும்போது ஹார்ட் டிஸ்கில் கெட்டுப்போன விண்டோஸுக்கு அங்கே என்ன வேலை? விசாரித்த இடத்தில் ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். குழந்தைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேறு பிரதி இல்லை.

பதில்: யார் சொன்னாலும் இப்போதைக்கு ஃபார்மட் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் படங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவற்றை வெளியே எடுத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. டிவிடியிலிருந்து எழுவதும் ஒரு சின்ன விண்டோஸ்தான், விண்டோஸ் பிஇ என்பார்கள். கோடு ஓடுகிறதே, அப்போது அந்தச் சின்ன விண்டோஸ் மொத்தமும் ராமில் ஏறுகிறது. ஏறி எழுந்ததும் அது செய்கிற முதல் வேலைகளில் ஒன்று, மாட்டியிருக்கிற டிஸ்குகளையெல்லாம் தேடிப்பிடித்து, ஒவ்வொரு பார்ட்டிஷனையும் (டிஸ்கைப் பிரித்து வைத்த பகுதியையும்) திறந்து பார்ப்பது. எங்கே நிறுவலாம், பழைய விண்டோஸ் இருக்கிறதா என்று அதற்குத் தெரிய வேண்டுமே. உங்கள் டிஸ்கில் ஃபைல்களின் கணக்கை வைத்திருக்கிற என்டிஎஃப்எஸ் கட்டமைப்பு எங்கோ சிதைந்திருக்கிறது. அதைப் படிக்கப் போன டிரைவர் என்கிற சின்ன மென்பொருள்தான் என்டிஎஃப்எஸ்.சிஸ். சிதைந்த இடத்தில் அது தடுக்கி விழுகிறது. அது கெர்னல் என்கிற விண்டோஸின் மையப் பகுதிக்குள் ஓடுகிற டிரைவர் என்பதால் விண்டோஸ் மொத்தமும் நின்றுவிடுகிறது. ஆக, டிவிடியும் நல்லதுதான், அதிலிருக்கிற விண்டோஸும் நல்லதுதான். அந்த ஹார்ட் டிஸ்கைத் திறக்கப் போகிற விண்டோஸ் இதே இடத்தில் விழ வாய்ப்பு அதிகம்.

இதை உறுதிசெய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, அடியில் உள்ள மூடியைத் திறந்து ஹார்ட் டிஸ்கை வெளியே எடுங்கள். பெரும்பாலான பழைய லேப்டாப்களில் ஓரிரண்டு திருகுகள்தான் இருக்கும். டிஸ்கைப் பக்கவாட்டில் மெதுவாக இழுத்தால் சாட்டா இணைப்பிலிருந்து கழன்று வரும், மேல்நோக்கித் தூக்கக் கூடாது. டிஸ்க் இல்லாமலேயே பேட்டரியை மாட்டி டிவிடியிலிருந்து பூட் செய்யுங்கள். லோகோ தாண்டி, மொழி தேர்வு செய்யும் திரை அமைதியாக வந்து நின்றால் குற்றவாளி டிஸ்க்தான். என் மேஜைக்கு வரும் இந்த மாதிரி கணினிகளில் நான் முதலில் செய்வதும் இதுதான். டிஸ்க் உள்ளே இருந்தால் நீலம், வெளியே எடுத்தால் மொழித் திரை, திரும்ப மாட்டினால் மறுபடி நீலம். இப்படி மூன்று முறை பார்த்துவிட்டால் அதற்கு மேல் சந்தேகம் வேண்டியதில்லை. டிஸ்க் இல்லாமலும் நீலத் திரை வந்தால் அடுத்து ராமைப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்றாவது கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

சரி, படங்களை எப்படி எடுப்பது? லினக்ஸுக்கு என்டிஎஃப்எஸ் படிக்கத் தனி டிரைவர் உண்டு. விண்டோஸ் டிரைவர் விழுகிற இடத்தில் அதுவும் விழ வேண்டும் என்பதில்லை. வேறொரு கணினியில் உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். டிஸ்கை மாட்டிவிட்டு அந்த பென்டிரைவிலிருந்து பூட் செய்து, 'ட்ரை' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் போகக் கூடாது. ஃபைல் மேனேஜரில் உங்கள் பார்ட்டிஷன் தெரியும். திறந்தால் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் படங்கள் இருக்கும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி அதில் காப்பி செய்யுங்கள். திறக்க மறுத்தால் ரீட் ஒன்லி முறையில் மவுண்ட் செய்யுங்கள், அதாவது படிக்க மட்டும் திறங்கள். அந்த டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல் படிப்பது எப்போதுமே பாதுகாப்பானது.

காப்பி செய்யும்போது டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டாலோ, ஒரே ஃபைலில் நீண்ட நேரம் நின்றாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அப்போது சிதைந்திருப்பது கட்டமைப்பு மட்டுமல்ல, டிஸ்கே செத்துக்கொண்டிருக்கிறது. லினக்ஸின் டிஸ்க்ஸ் என்ற கருவியில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் கணக்கு, பார்க்கலாம். ரீஅலோகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளில் பூஜ்யத்துக்குப் பதில் எண்கள் ஏறியிருந்தால் அந்த டிஸ்கை இனி நம்ப வேண்டாம். அந்த நிலையில் ஃபைல் ஃபைலாக எடுப்பதைவிட, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்குக்கு அப்படியே நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து படங்களைத் தேடுவது நல்லது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வருவது அந்தக் கருவியின் வழக்கம். சாகிற டிஸ்குக்கு அதுதான் ஏற்றது.

செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியை ஓட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். படங்கள் கைக்கு வந்த பிறகு தாராளமாக ஓட்டுங்கள், அதற்கு முன் வேண்டவே வேண்டாம். செக்டிஸ்க் கட்டமைப்பைச் சீராக்கப் பார்க்குமே தவிர உங்கள் ஃபைல்களுக்குப் பொறுப்பேற்காது. பொருந்தாத பதிவுகளை வெட்டிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

எல்லாம் பத்திரமாக வந்துவிட்டதென்றும், ஸ்மார்ட் விவரம் சுத்தமாக இருக்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். அதே லினக்ஸில் ஜிபார்ட்டட் என்ற கருவியால் பழைய பார்ட்டிஷனை நீக்குங்கள். படிக்கச் சிதைந்த என்டிஎஃப்எஸ் இல்லாததால் நிறுவல் டிஸ்க் நிற்காமல் போகும். இன்னொன்று: விண்டோஸ் 7க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. எப்படியும் புதிதாகத்தான் நிறுவப்போகிறீர்கள், லேப்டாப் தாங்குமென்றால் அதைவிடப் புதிய ஒன்றைப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் ஒரு பழைய கட்டிங் மெஷினை இயக்குகிற மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். அதை ஓட்டிய கணினி போய்விட்டது. வேறொரு கணினியில் எக்ஸ்பி நிறுவப் பார்க்கிறோம். சிடி பூட் ஆகி ஃபைல்கள் எல்லாம் லோட் ஆகின்றன. கீழே 'செட்டப் இஸ் ஸ்டார்டிங் விண்டோஸ்' என்று வந்ததும் ஸ்டாப் 0000007பி என்று நீலத் திரை. சிடி மற்ற கணினிகளில் நன்றாக வேலை செய்கிறது, ஹார்ட் டிஸ்கும் புதிது. பின்னே என்ன?

பதில்: நீங்கள் எழுதிய அந்த ஆங்கில வரியில்தான் விடை இருக்கிறது. எக்ஸ்பி நிறுவலின் முதல் பகுதியும் நீல நிறத்தில்தான் இருக்கும், அடியில் ஒரு வெளிர்ப் பட்டையில் லோட் ஆகிற ஃபைல்களின் பெயர்கள் ஓடும். அதுவரை சிடியைப் படிப்பது பயாஸ், அதாவது கணினி ஆன் ஆனதும் போர்டிலிருந்தே முதலில் ஓடும் மென்பொருள். விண்டோஸின் சொந்த டிரைவர் எதுவும் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. 'செட்டப் இஸ் ஸ்டார்டிங் விண்டோஸ்' என்று வரும் நொடியில்தான் விண்டோஸ் கெர்னல் எழுந்து பொறுப்பை ஏற்கிறது. இனிமேல் டிஸ்கோடு அதுவே பேச வேண்டும். பழைய காவலாளி கிளம்பிப் போய்விட்டார், புதியவரிடம் அந்தக் கதவுக்குச் சாவி இல்லை என்கிற நிலை அது. 7பி என்ற எண்ணுக்குத் திரையிலேயே 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று பெயர் போட்டிருக்கும். டிஸ்கை எட்ட முடியவில்லை என்று அர்த்தம். அடைப்புக்குறிக்குள் இருக்கிற நான்கு எண்களில் இரண்டாவது சி0000034 என்று இருந்தால், தேடிய சாதனமே கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

காரணம் காலக்கணக்குதான். எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். இன்றைய சாட்டா டிஸ்குகளை இயக்குகிற ஏஹெச்சிஐ முறையின் முதல் வரையறையே 2004இல்தான் வந்தது. எக்ஸ்பி சிடியில் அதற்கு டிரைவர் கிடையாது.

எளிய வழியை முதலில் பாருங்கள். கணினி ஆன் ஆகும்போது டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். சாட்டா மோட், சாட்டா கான்ஃபிகரேஷன், ஆன்சிப் சாட்டா டைப் என்று ஒவ்வொரு போர்டிலும் ஒவ்வொரு பெயரில் இருக்கும். அதில் ஏஹெச்சிஐ என்பதை ஐடிஇ என்கிற பழைய முறைக்கு மாற்றுங்கள், சில போர்டுகளில் காம்பாட்டிபிள் அல்லது லெகசி என்றிருக்கும். சேமித்துவிட்டு மறுபடி சிடியைப் போடுங்கள். இந்த ஒன்றைச் செய்ததும் பெரும்பாலான கணினிகள் வழிவிட்டுவிடும். அதே கணினியில் வேறு டிஸ்கில் ஏற்கெனவே ஒரு விண்டோஸ் இருந்தால் அதையும் கவனியுங்கள். ஏஹெச்சிஐ முறையில் நிறுவிய விண்டோஸ், இந்த மாற்றத்துக்குப் பிறகு அதே 7பி காட்டி நிற்கலாம். பயாஸைப் பழையபடி மாற்றினால் திரும்ப எழுந்துகொள்ளும், அதற்காகப் பயந்து எதையும் நிறுவ வேண்டாம்.

புதிய போர்டுகள் பலவற்றில் ஐடிஇ என்ற தேர்வையே எடுத்துவிட்டார்கள். உங்களுடையது அப்படியென்றால் டிரைவரை சிடிக்குள்ளேயே சேர்க்க வேண்டும். எக்ஸ்பி செட்டப்பின் தொடக்கத்தில் எஃப்6 அழுத்தச் சொல்லும் வரி அதற்குத்தான். ஆனால் அது ஃபிளாப்பியிலிருந்து மட்டும்தான் டிரைவரை எடுக்கும், இன்று ஃபிளாப்பிக்கு எங்கே போவது? என்லைட் என்ற இலவசக் கருவி இருக்கிறது. சிடியிலுள்ளதை ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபோல்டருக்கு எடுத்து, என்லைட்டில் திறந்து, முதலில் சர்வீஸ் பேக் 3ஐச் சேர்த்து, பிறகு உங்கள் சிப்செட்டுக்கான எக்ஸ்பி சாட்டா டிரைவரைச் சேருங்கள். அது கேட்கும்போது டெக்ஸ்ட் மோட் டிரைவர் என்று குறிப்பிட மறக்காதீர்கள், இல்லையென்றால் சேர்த்தும் பயனில்லை. அப்புறம் புதிய ஐஎஸ்ஓவை (சிடியின் முழு நகலான ஒரே ஃபைல்) எரித்துக்கொள்ளலாம். உங்கள் சிடி சர்வீஸ் பேக் எதுவும் இல்லாத ஆரம்பப் பதிப்பு என்றால் சர்வீஸ் பேக் சேர்ப்பது இன்னும் அவசியம். அந்தப் பதிப்பு 137 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கை முழுதாக அடையாளம் காணாது.

இவ்வளவுக்கும் சிப்செட் தயாரித்தவர் எக்ஸ்பிக்கு டிரைவரே வெளியிடவில்லை என்றால் அந்தப் போர்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் மெஷின் சீரியல் போர்ட் வழியாக இணைகிறதென்றால், புதிய விண்டோஸில், கணினிக்குள் ஒரு கற்பனைக் கணினியை ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் எக்ஸ்பி நிறுவிப் பாருங்கள். எக்ஸ்பிக்கு அது தானாகவே ஐடிஇ டிஸ்க் ஒன்றைக் காட்டும், 7பிக்கு இடமே இல்லை. நிஜ சீரியல் போர்ட்டையும் உள்ளே இணைத்துக்கொள்ளலாம். மெஷினுக்கென்று தனி பிசிஐ கார்டு இருந்தால் இது சரிப்படாது, அந்தக் காலத்து போர்டு ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் நல்லது. எப்படி நிறுவினாலும் அந்த எக்ஸ்பியை இணையத்தோடு இணைக்காதீர்கள். 2014 ஏப்ரல் 8க்குப் பிறகு அதற்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடையாது.

கேள்வி: நானே பாகங்கள் வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப். விண்டோஸ் 10 பென்டிரைவிலிருந்து நிறுவும்போது ஒரு முறை 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று நீலத் திரை. அடுத்த முறை 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா'. அதற்கடுத்து 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. ஒரு தடவை நிறுவல் பாதி வரை போய், ஃபைல் கெட்டிருக்கிறது என்று நின்றது. எதை நம்புவது?

பதில்: ஒரே காரணம் இருந்தால் பெரும்பாலும் ஒரே எண்தான் திரும்பத் திரும்ப வரும். எண் மாறிக்கொண்டே இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ராமை. நிறுவல் மீடியாவில் இருக்கிற சின்ன விண்டோஸ் தன்னை மொத்தமாக ராமில் ஏற்றிக்கொண்டுதான் எழுகிறது என்று மேலே சொன்னேன். ராமில் ஒரு சின்ன இடம் கெட்டிருந்தாலும் அந்த இடத்தில் என்ன போய் உட்காருகிறதோ அது சிதையும். இன்றைக்கு டிரைவர் உட்காரும், நாளைக்கு விரிக்கிற ஃபைல் உட்காரும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஒரு புது முகம். பாதியில் ஃபைல் கெட்டிருக்கிறது என்று சொன்னதும் இதனோடு பொருந்துகிறது, பென்டிரைவை மட்டும் குறை சொல்ல முடியாது.

பயாஸில் எக்ஸ்எம்பி என்று ஒன்று இருக்கும், ராமைப் பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டுகிற ஏற்பாடு. ஏஎம்டி போர்டுகளில் அதன் பெயர் வேறாக இருக்கலாம். சொந்தமாகச் சேர்க்கிறவர்கள் எல்லோரும் முதல் வேலையாக அதை ஆன் செய்துவிடுகிறார்கள். அதை அணையுங்கள். ஓவர்கிளாக் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) ஏதாவது செய்திருந்தால் அதையும் பழையபடி ஆக்குங்கள். இது மட்டுமே போதுமானதாக இருந்த கணினிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ராம் நல்லதாகவே இருந்தும், அந்த வேகத்தில் அந்தப் போர்டோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

அதற்குப் பிறகும் வந்தால் மெம்டெஸ்ட்86+ என்ற கருவியை பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். 6ஆம் பதிப்பு முதல் யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) கணினிகளிலும் ஓடும், பழைய 5ஆம் பதிப்பு ஓடாது. விண்டோஸ் தேவையில்லாமல் தனியாக எழுந்து ராமை இடம் இடமாக எழுதிப் படித்துப் பார்க்கும். ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இரவு முழுவதும் ஓட விடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தாலும் அது பிழைதான். 'ஒன்றுதானே' என்று விட்டுவிடக் கூடாது. ராமில் ஏற்றுக்கொள்ளத்தக்க பிழை எண்ணிக்கை பூஜ்யம் மட்டும்தான்.

பிழை வந்தால் எந்தக் குச்சி என்று பிரிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, கேபினெட்டின் உலோகத்தை ஒரு முறை தொட்டுவிட்டு, எல்லா ராமையும் எடுங்கள். ராமின் அடியில் உள்ள தங்க நிறத் தகட்டைச் சுத்தமான ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, ஒன்றை மட்டும் மாட்டிச் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்ததை. இரண்டுமே ஒரே ஸ்லாட்டில் பிழை காட்டி, வேறு ஸ்லாட்டில் காட்டவில்லை என்றால் கெட்டது ராம் அல்ல, ஸ்லாட். புதிய ராம் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். எத்தனையோ பேர் நல்ல ராமைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதையும் அதே கெட்ட ஸ்லாட்டில் மாட்டுகிறார்கள்.

கேள்வி: நீலத் திரை ஒரு நொடி வந்து மறைந்துவிடுகிறது. எதையும் படிக்க முடியவில்லை. டிஸ்கில் ஏதாவது பதிவு இருக்குமா?

பதில்: நிறுவிய விண்டோஸ் விழுந்தால் வழக்கமாக மினிடம்ப் என்று ஒரு பதிவை டிஸ்கில் விட்டுப் போகும். நிறுவல் டிஸ்கிலிருந்து எழுந்த விண்டோஸ் விழுந்தால் அப்படி எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. அது ராமில் ஓடியது, ராமோடு போய்விட்டது. அதனால் அந்தத் திரையைப் பிடிப்பதுதான் ஒரே வழி. செல்போனை நிலையாக வைத்து, ஆன் செய்வது முதல் வீடியோ எடுங்கள், ஸ்லோ மோஷன் இருந்தால் அதில். பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: பெரிய எழுத்தில் உள்ள பிழையின் பெயர், ஸ்டாப் எண், அடைப்புக்குறிக்குள் உள்ள நான்கு எண்கள், கீழே .சிஸ் என்று முடியும் பெயர் ஏதாவது இருந்தால் அது. விண்டோஸ் 8 முதல் சோகமுகம் ஒன்றும் பிழையின் பெயரும்தான் வரும், எண்கள் பெரும்பாலும் இருக்காது. பரவாயில்லை, பெயரே போதும். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் 2025 முதல் இந்தத் திரை கறுப்பாக வருகிறது. நீலமாக இல்லையே என்று குழம்ப வேண்டாம், விஷயம் அதேதான். எனக்கு எழுதும்போதும் 'நீலத் திரை வருகிறது' என்று மட்டும் எழுதாமல் இவற்றையும், எந்தக் கட்டத்தில் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கேள்வி: புதிய மதர்போர்டில் பழைய விண்டோஸ் 7 டிவிடி போட்டால் ஸ்டாப் 000000ஏ5 என்று வருகிறது. போர்டு பழுதா?

பதில்: இல்லை. ஏ5 என்பது 'ஏசிபிஐ பயாஸ் எரர்'. கணினியின் பாகங்களையும் மின்சாரத்தையும் பற்றி பயாஸ் தரும் அட்டவணைகளை விண்டோஸ் 7 படிக்கப் பார்க்கிறது, புதிய முறையில் எழுதிய அட்டவணை அதற்குப் புரியவில்லை. 2009இல் வந்த விண்டோஸுக்கு, அதற்கு வெகு காலத்துக்குப் பிறகு வந்த போர்டைத் தெரியாது. பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள், சிஎஸ்எம் (பழைய பயாஸ் முறைக்கு இடம் தரும் அமைப்பு) ஆன் செய்து பாருங்கள். ஆனால் அதைத் தாண்டினாலும் அடுத்து யுஎஸ்பி 3 டிரைவர் இல்லாமல் மவுஸும் கீபோர்டும் நிற்கும், அதன் பிறகு என்விஎம்இ என்ற புதிய வகை எஸ்எஸ்டி டிஸ்க் தெரியாது. வேறு வழியே இல்லாத ஒரு மென்பொருள் இருந்தால் ஒழிய இந்தப் போராட்டம் வேண்டாம். பழைய கணினியில் வருகிற ஏ5 வேறு கதை. அங்கே பயாஸ் அமைப்பில் ஏசிபிஐ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நானே எரித்த டிவிடி. எரித்ததில் கோளாறு இருந்தால் நீலத் திரை வருமா?

பதில்: வரலாம், ஆனால் அதிகம் வராது. டிஸ்கில் படிக்க முடியாத இடம் இருந்தால் பொதுவாக, இன்ன ஃபைல் இல்லை அல்லது கெட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு நிற்கும். இருந்தாலும் சோதித்துவிடுவது நல்லது. இறக்கிய ஐஎஸ்ஓவின் ஷா-256 மதிப்பை (ஃபைலின் கைரேகை மாதிரி), பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளையால் எடுத்து, வெளியிட்டவர் தந்த மதிப்போடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள். எரிக்கும்போது வேகத்தைக் குறைத்து, முடிந்ததும் வெரிஃபை செய்யச் சொல்லுங்கள். வேறொரு கணினியில் அதே டிவிடி மொழித் திரை வரை போனால் டிவிடியை விட்டுவிட்டு கணினியைப் பாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11 லேப்டாப். 'வியா அன்கரெக்டபிள் எரர்' என்று வருகிறது. நிறுவல் பென்டிரைவிலும் அதேதான். மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: உடனே நம்ப வேண்டாம், அதற்காக ஒதுக்கவும் வேண்டாம். இந்தப் பிழையின் எண் 124. ப்ராசஸரே தனக்குள் ஒரு வன்பொருள் பிழையைக் கண்டு விண்டோஸிடம் சொல்லும்போது வருவது. எக்ஸ்பி காலத்தில் 9சி என்று வந்ததன் வாரிசு. ஆகவே மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை என்று அவர்கள் சொன்னால் அது பெரும்பாலும் சரி. ஆனால் வன்பொருள் என்றாலே மதர்போர்டு என்று ஆகிவிடாது. சூடு, மின்சாரம், ராம், டிஸ்க் எல்லாம் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

பயாஸில் கை வைப்பதற்கு முன் ஒன்று. விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்கைச் சாவி போட்டுப் பூட்டுகிற பிட்லாக்கர் உங்களுக்குத் தெரியாமலேயே ஆன் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. பயாஸ் அமைப்பை மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று வேறு கருவியிலிருந்து பார்த்து எழுதி வைத்துக்கொண்டு பிறகு தொடுங்கள். அந்தச் சாவி இல்லாமல் போனால் டிஸ்க் நன்றாக இருந்தும் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது.

அப்புறம் பயாஸை டீஃபால்ட் அமைப்புக்குக் கொண்டுவாருங்கள். சாட்டா அல்லது ஸ்டோரேஜ் மோட் என்னவாக இருந்தது என்று முதலில் படம் எடுத்துக்கொண்டு, அதை மட்டும் பழையபடி வையுங்கள். விசிறி சுற்றுகிறதா, காற்று வருகிற துளையில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ராம் கழற்றக்கூடியதாக இருந்தால் ஒன்றொன்றாகச் சோதியுங்கள். எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு பென்டிரைவிலிருந்து பூட் செய்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிச் சரியானால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

கடைசியாக ஒரு லினக்ஸ் பென்டிரைவில் எழுப்பி, வீடியோ ஓட்டி, நாலைந்து மணி நேரம் வேலை வாங்குங்கள். அதுவும் உறைந்து நின்றாலோ தானே அணைந்தாலோ, ராமையும் எஸ்எஸ்டியையும் சூட்டையும் ஏற்கெனவே விலக்கிவிட்டீர்கள் என்றால், மதர்போர்டு அல்லது அதோடு ஒட்டிய ப்ராசஸர் என்ற முடிவுக்கு வரலாம். லினக்ஸ் சளைக்காமல் ஓடினால் போர்டை மாற்றக் கொடுக்காதீர்கள். லேப்டாப் தயாரித்தவர் வெளியிட்ட புதிய பயாஸைப் போட்டுவிட்டு, நிறுவல் பென்டிரைவை மீண்டும் முயன்று, என்ன வருகிறது என்று படத்தோடு எழுதுங்கள்.